தலைக்கணக்கும் வரவுக்கணக்கும்

ஒரு கிராமத்தின் நிலைமையை அறிய விரும்பும் நிர்வாகம் வழக்கமாக இரண்டு எண்களைத் தேடிச் செல்கிறது. அவ்வூரில் எத்தனை ஜனங்கள் வசிக்கிறார்கள் என்பது ஒன்று. அவர்களுடைய வருமானம் எவ்வளவு என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவதையாவது, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அரசாங்க ஊழியர் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கி எண்ணிக் கணக்கில் சேர்க்கிறார். இரண்டாவதையோ, எந்தச் சிறு கிராமத்திலும் எவரும் முறையாக எண்ணுவதில்லை. மாநிலத்துக்கோ தேசத்துக்கோ மாதிரி ஆய்வின் வழியாகக் கணித்த ஒரு சராசரியை எடுத்து, அதுவே சில நூறு வீடுகள் கொண்ட அந்த ஊருக்கும் பொருந்தும் என்று பாவித்துக்கொண்டு, அதன்மேல் திட்டங்களையும் தீர்மானங்களையும் கட்டி எழுப்புகிறோம். ஊரிலுள்ள ஒவ்வொரு தலைக்கும் கணக்கு இருக்கிறது. அந்தத் தலைகள் எதைக்கொண்டு ஜீவனம் நடத்துகின்றன என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

1881 முதல், யுத்த காலத்திலும் பஞ்ச காலத்திலும்கூடப் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2021இல் பெருந்தொற்றினால் தடைப்பட்டு, இப்போது 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதார நாளாகக் கொண்டு நடைபெற ஏற்பாடாகியிருக்கிறது. 1931க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள் என்பதால், அரசியல் கட்சிகளின் கவனமும் பத்திரிகைகளின் கவனமும் அந்த ஒரு விஷயத்திலேயே லயித்திருக்கின்றன. இந்தச் சந்தர்ப்பத்தில் தமிழ்நாட்டு அரசுக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் ஒரு யோசனையை முன்வைக்க விரும்புகிறேன். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கிராமமாகத் தேர்ந்தெடுத்து, அங்கே வசிக்கும் ஜனங்களையும் அவர்களுடைய வரவையும் செலவையும் கடனையும், ஒரே வகையான கேள்விகளைக் கொண்டு, திரும்பத் திரும்ப விசாரித்துப் பதிவு செய்யும் நிரந்தர ஏற்பாடு ஒன்று நமக்கு வேண்டும்.

இது புதிய யோசனை அன்று. நம்முடைய மண்ணிலேயே நூறு ஆண்டுகளுக்கு முன்பு வேர்விட்டதுதான். ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்தியக் கிராமங்களைப் பற்றிப் புத்தகங்களிலிருந்து போதிப்பதைவிட, மாணவர்கள் தத்தம் சொந்த ஊருக்குச் சென்று விசாரித்துவருவதே உத்தமமான பாடம் என்று கருதினார். நிலம் யார் கையில் இருக்கிறது, என்ன பயிர் விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விரிவான வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து அனுப்பினார். அவ்வாறு 1916ஆம் ஆண்டையொட்டித் திரட்டிய விவரங்கள், தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக 1918இல் வெளியாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டு தூசி, தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம், திருநெல்வேலியைச் சார்ந்த கங்கைகொண்டான் என்னும் ஊர்கள் அந்த நூலின்மூலம் பொருளாதார சாஸ்திரம் பயில்வோர் அறிந்த பெயர்களாயின.

ஸ்லேட்டர் செய்ததைவிட அவருக்குப் பின்வந்தவர்கள் செய்ததே நமக்கு அதிகமான பிரயோஜனம் உடையது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆட்களை அனுப்பி விசாரித்து, 1940இல் நூல் வெளியிட்டார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் ஐந்து ஊர்களுக்கும் சென்றார்கள். அவற்றுள் இருவேல்பட்டை 1981இல் ஆராய்ந்தவர்கள் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும். பிறகு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் இருவேல்பட்டில் மறுபடியும் ஆய்வு நடத்தினார்கள். தொண்ணூற்றிரண்டு ஆண்டுக் காலத்தில் ஐந்து முறை விசாரிக்கப்பட்ட கிராமம் என்ற சிறப்பு இந்தியாவிலேயே வெகு சில ஊர்களுக்குத்தான் உண்டு.

இருவேல்பட்டின் சரித்திரம் சராசரிகளால் ஒருபோதும் சொல்ல முடியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறது. 1916இல் அந்த ஊரின் நிலத்திலும் அதிகாரத்திலும் பெரும் பகுதி ஒரு சில நிலக்கிழார்க் குடும்பங்களின் கையில் இருந்தது. சேரியில் வாழ்ந்தவர்களிற் பலர், வாங்கிய கடனைத் திருப்பித் தர வழியின்றி அந்தக் குடும்பங்களிடம் படியாட்களாகக் கட்டுண்டிருந்தார்கள். பிற்காலத்து ஆய்வாளர்கள் கண்டதோ, ஊரார் ஜீவனத்தில் விவசாயத்தின் பங்கு குறைந்து, நிலக்கிழார்களின் பிடி தளர்ந்து, தலித் மக்கள் வேறு வேலைகளையும் வேறு ஆதரவுகளையும் தேடிக்கொண்ட நிலைமையை. இந்த மாறுதலில் கூலி எத்தனை ரூபாய் உயர்ந்தது என்பதைவிட, அந்தக் கூலியைக் கொடுப்பவர் யார் என்பது பெரிய கேள்வி. ஊருக்குள்ளேயே ஒரே ஒருவரிடம் வேலை பார்த்து, அவரிடமே கடனும் வாங்கி, அவருடைய நிலத்திலேயே குடிசையும் போட்டுக்கொண்டு பெறுகிற நூறு ரூபாயும், பத்து மைலுக்கு அப்பால் முகம் தெரியாத மேஸ்திரியிடம் சித்தாள் வேலை செய்து பெறுகிற நூறு ரூபாயும் வருமானக் கணக்கில் சமமாக இருக்கலாம். மனிதனுடைய சுயமரியாதைக் கணக்கில் அவை சமம் ஆகமாட்டா.

இந்த விடுதலை சந்தையின் கிருபையால் மட்டும் வந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்று வகுத்த எல்லையை 1970இல் 15 ஆகக் குறைத்தது, 1982இல் விரிவான முறையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பாகுபாடின்றி எல்லாக் குடும்பங்களுக்கும் திறந்திருக்கும் ரேஷன் கடை, அங்கே 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி ஆகிய இவை அனைத்தும், விடியற்காலையில் ஒருவர் வாசலில் போய் நின்றால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்ற நிர்ப்பந்தத்தைக் கரைத்திருக்கின்றன. 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் ஆரம்பமானபோது, தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் இருவேல்பட்டு அடங்கிய விழுப்புரமும் ஒன்று. நூறு நாள் வேலை ஜனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று அங்கலாய்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் திட்டம் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த பெரிய சகாயம் நூறு நாள் சம்பளத்தோடு முடிந்துவிடவில்லை. எஞ்சிய நாட்களில் குறைந்த கூலிக்குக் கூப்பிடுகிறவரிடம் ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் தைரியத்தையும் அது சேர்த்தே கொடுத்தது.

ஒரு கிராமத்தின் கதையையே எல்லாக் கிராமங்களின் கதையாகக் கொள்ளலாகாது என்பதற்கும் இதே ஐந்து ஊர்கள் சாட்சி. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. தூசிக்குக் காஞ்சிபுரமும் செய்யாறு தொழிற்பேட்டையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வடமலைபுரத்துக்குச் சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அண்டை வீடு. பாலக்குறிச்சியோ காவிரியின் கடைமடைப் பிரதேசத்தில், மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று பார்த்திருக்கும் நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1916இல் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஏழ்மையில் உழன்ற ஊர்கள் வெவ்வேறு திசைகளில் பிரிந்து போனதற்கு, அந்தந்த ஊர் மண்ணின் குணம் ஒரு காரணமானால், காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் என்ன தொழில் கிடைக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் பிரயாணம் செய்ய முடிந்தபோது, அந்தத் தொலைவே பலருக்குக் குறைந்துபோயிற்று. ஆனால் அதனால் எந்த ஊரில் எத்தனை பெண்கள் புதிதாக வேலைக்குப் போனார்கள், அவர்கள் கைக்கு வந்த பணம் எதற்குச் செலவாயிற்று என்று ஊர்வாரியாகச் சொல்லத்தக்க ஏடு எந்த ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது?

இனி ஜனத்தொகையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் ஆயுட்காலத்தில் பெறும் குழந்தைகளின் சராசரி, 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8, ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடு செய்துகொள்ள வேண்டிய 2.1 என்ற அளவுக்கு அது வெகுவாகக் கீழே இறங்கியிருக்கிறது. 2011லேயே மாநிலத்தின் ஜனங்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கிராமப்புற ஜனத்தொகை 1991இல் சுமார் 3.68 கோடியாக இருந்து, 2001இல் 3.49 கோடியாக இறங்கி, 2011இல் 3.72 கோடியாக ஏறிற்று. இந்த இறக்கத்துக்கு ஊர்களை நகரக் கணக்கில் சேர்த்து வகைப்படுத்தியதும் காரணமாகையால், எத்தனை பேர் உண்மையாகவே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள் என்பதை இந்த எண்களிலிருந்து ஊகிப்பது அபாயகரமானது. மாநிலத்தின் மொத்தக் கணக்கிலேயே இத்தனை மயக்கம் என்றால், ஒரு சிறு கிராமத்தின் கணக்கில் எத்தனை மயக்கம் இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

ஏனெனில், ‘ஊரார்’ என்று எவரைச் சொல்வது என்பதே இன்று தீராத பிரச்னையாகிவிட்டது. கணக்கெடுப்பு நடக்கும் மூன்று வார காலம் முழுவதும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலையிலேயே இருந்துவிட்ட இளைஞன் திருப்பூர்க் கணக்கில் சேர்க்கப்படுகிறான். அவனுடைய பெயர் கிராமத்துக் குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அப்படியே இருக்கிறது. தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் அவன் வந்து போகிறான். மாதந்தோறும் அவன் அனுப்பும் பணத்தில்தான் தாய்க்கு மருந்து வாங்குகிறார்கள். மறுபுறம், காவிரிப் படுகையிலே நாற்று நடுவதற்கு மேற்கு வங்காளத்திலிருந்து கோஷ்டி கோஷ்டியாகத் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள். நடவு முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் சிந்திய வியர்வை அவ்வூரின் விளைச்சலில் அடங்கியிருந்தாலும், அவ்வூரின் எந்தப் பேரேட்டிலும் அவர்களுடைய பெயர் ஏறுவதில்லை. மூன்று பட்டியல்களிலும் மூன்று விதமான ஜனத்தொகை உள்ள ஒரு கிராமத்துக்கு, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தலைக்கு இத்தனை ரூபாய் வருமானம் என்று வகுத்துச் சொல்வதில் துல்லியம் எங்கிருந்து வரும்?

தொழில் விஷயத்திலும் இதே சங்கடம் நேர்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவருடைய தொழிலைக் கேட்கிறது, வருமானத்தைக் கேட்பதில்லை. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்பவரை முதன்மைத் தொழிலாளர் என்றும், அதற்குக் குறைந்தவரை விளிம்புநிலைத் தொழிலாளர் என்றும் வகுத்து, அவரைச் சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்பவர், மற்றவர் என்னும் நான்கு பிரிவுகளில் ஒன்றுக்குள் வைக்கிறது. இந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் 2001இல் சுமார் 51 லட்சமாக இருந்து 2011இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்தார்கள்; விவசாயத் தொழிலாளர்களோ சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகப் பெருகினார்கள். ஆனால் அரை ஏக்கரில் ஒரு போகம் நெல் நட்டுவிட்டு, இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, கோடையில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், இடையிடையே அயலார் வயலிலும் கூலிக்கு இறங்குகிற ஒருவரை இந்த நான்கில் எதற்குள் அடைத்தாலும், அவருடைய ஜீவனத்தில் முக்கால் பங்கு வெளியே நின்றுவிடும்.

தேசம் முழுவதிலும் 2018-19இல் விவசாயக் குடும்பங்களிடம் நடத்திய மாதிரி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டிற்று. ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று கண்ட அந்த ஆய்வு, அதில் 4,063 ரூபாய் கூலியாலும் சம்பளத்தாலும் வந்தது என்றும், பயிரினால் வந்தது 3,798 ரூபாய்தான் என்றும் கூறியது. விவசாயி என்று நாம் மரியாதையோடு அழைக்கும் மனிதர், அவர் வரவைக்கொண்டு பார்த்தால், முதலில் கூலிக்காரர், அப்புறம்தான் விவசாயி. 2023-24ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைக்கு மாதச் செலவு 5,701 ரூபாய் என்றும், தேசத்தின் கிராமப்புறச் சராசரி 4,122 ரூபாய் என்றும் கண்டபோது நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம், பெருமைப்படத்தக்கதே. எனினும் அந்தச் செலவில் எவ்வளவு சம்பாத்தியத்திலிருந்து வந்தது, எவ்வளவு வாரத் தவணைக் கடனிலிருந்தும் அடகு வைத்த நகையிலிருந்தும் வந்தது என்பதை, ஊருக்குள் உட்கார்ந்து விசாரித்தாலன்றி யாரும் அறிய முடியாது.

இதையெல்லாம் ஏதோ ஆராய்ச்சியாளர்களுடைய கவலை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தலைக்கணக்கை நம்பித்தான் கிராமத்துக்கு வரும் பணமும் பள்ளிக்கூடமும் தீர்மானிக்கப்படுகின்றன. பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான மானியத்தை மாநிலங்களுக்கிடையே பங்கிட்டபோது, ஜனத்தொகைக்கு 90 சதவீதமும் நிலப்பரப்புக்கு 10 சதவீதமும் எடை கொடுத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்புகளையும் அந்த இருவரே நடத்த வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று அளவோடு பிள்ளை பெற்ற ஊரில் பள்ளியின் வருகைப் பதிவேடு மெலிகிறது. மெலிந்த பள்ளியிலிருந்து வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்புகிறார்கள். பதிவேடு மேலும் மெலிகிறது. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய குற்றத்துக்காகத் தமிழ்நாட்டைத் தண்டிக்கலாகாது என்று, தொகுதி மறுவரையறை விஷயத்திலும் நிதிப் பங்கீட்டு விஷயத்திலும் நாம் டில்லியிடம் வாதாடுகிறோம். நியாயமான வாதம். அதே நியாயத்தை நம்முடைய மாநிலத்துக்குள், தலைகள் குறைந்து முதியவர்கள் நிறைந்த சிறு ஊராட்சிகளுக்கு நாம் வழங்குகிறோமா? குறைந்தபட்ச மானியம் என்று ஒன்று ஏற்பட்டிருந்தாலும், பங்கீட்டில் பெரும் எடை ஜனத்தொகைக்குத்தானே தரப்படுகிறது? ஊரில் ஆள் குறைந்தால் குழந்தைகளுக்கான செலவு குறையலாம். ஆனால் தெருவிளக்கின் எண்ணிக்கையோ குடிநீர்க் குழாயின் நீளமோ குறைந்துவிடாது. முதியவர்களைப் பராமரிக்கும் பாரமோ கூடுகிறது.

வருமானத்தைக் கேட்டால் ஜனங்கள் உண்மை சொல்லமாட்டார்கள் என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். அது மெய்தான், ஆனால் அதன் காரணம் நம்மிடமே இருக்கிறது. 2011இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், தேசத்தின் கிராமப்புறக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில், அதிகமாகச் சம்பாதிக்கும் உறுப்பினரின் மாத வருமானமே ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ் என்று பதிவாயிற்று. வறுமையின் ஆழத்தை அந்த எண் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை. கூடவே, கேட்க வந்தவர் சலுகையை நிறுத்த வந்தவரோ என்ற பயமும் அதற்குள் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். இதற்குப் பரிகாரம், விசாரணையை எந்தச் சலுகையோடும் சம்பந்தப்படுத்தாமல், பெயர் வெளியிடாமல், அதிகாரிகளின் கையில் ஒப்படைக்காமல் நடத்துவதே. ‘உன் வருமானம் என்ன?’ என்று ஒற்றைக் கேள்வி கேட்பதைவிட, எந்த மாதத்தில் என்ன வேலை, எத்தனை நாள், என்ன கூலி, யார் எங்கிருந்து பணம் அனுப்புகிறார்கள், எவரிடம் என்ன வட்டிக்குக் கடன் என்று பருவந்தோறும் பொறுமையாகக் கேட்டுவந்தால், உண்மை தானே வெளிப்படும்.

ஆள் பலத்துக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஓர் ஊர் என்றால் 388 கிராமங்கள். கலைக் கல்லூரிகளிலும் அறிவியல் கல்லூரிகளிலும் நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் கிராமங்களில் முகாமிட்டு, சாலையோரத்தில் செடி நட்டு, கோயில் பிராகாரத்தைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த முகாம்களையே, பொருளாதாரமும் சமூகவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களின் மேற்பார்வையில், ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் செல்லும் விசாரணை முகாம்களாக மாற்றினால் என்ன? ஸ்லேட்டர் காலத்தில் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள். சேரியைப் பற்றி அவர்கள் எழுதியது வெளியிலிருந்து பார்த்து எழுதியதே. இன்று படியாட்களின் கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும் கல்லூரியில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்தால், நூறு ஆண்டுகளாகக் கேட்கப்படாத கேள்விகள் சில அதில் புதிதாகச் சேரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை மட்டும் அத்தியாவசியம். இருவேல்பட்டையும் அதன் சகோதர கிராமங்களையும் பற்றிய பெரும் ஆய்வுகள் ஆங்கிலத்தில், நூல்களாகவும் ஆராய்ச்சிச் சஞ்சிகைக் கட்டுரைகளாகவும் வந்தவை. அவற்றால் சாஸ்திரம் வளர்ந்தது. இனிமேல் எடுக்கும் கணக்கு தமிழில் எழுதப்பட்டு, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், குறைந்தபட்சம் அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்திலாவது, ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும். நம் ஊரில் பிறப்பு இத்தனை குறைந்திருக்கிறது, இத்தனை முதியவர்கள் தனியே இருக்கிறார்கள், வயலிலிருந்து வருவது இவ்வளவு, வெளியிலிருந்து வருவது இவ்வளவு, வட்டியாகப் போவது இவ்வளவு என்று தெரிந்துகொண்ட சபை, மேலிடத்திலிருந்து வரும் திட்டத்துக்குக் கைதூக்குவதோடு நின்றுவிடாது. தனக்கு என்ன திட்டம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கும். சராசரிகளைக் காட்டி அந்தச் சபையின் வாயை அடைக்க அப்போது எவராலும் முடியாது.